மல்லித்தண்ணியும் மரமஞ்சளும்: கொழும்பின் மூலிகைக் கோப்பையில் என்ன இருக்கிறது

புறக்கோட்டையில் நாட்டு மருந்துச் சரக்குகளுக்கென்றே பெயர்பெற்ற கேபோஸ் லேனுக்குள் நுழைகிறவருக்கு, இடம் வந்துவிட்டது என்பதைக் கண்ணுக்கு முந்தி மூக்குச் சொல்லிவிடும். வாய் சுருட்டி வைத்த சாக்குகளில் காய்ந்த பூவும் வேரும் பட்டையும் மரச்சீவலும் நிறைந்திருக்க, வாங்குகிறவரின் மொழிக்கு ஏற்ப ஒரே சரக்குக்குப் பெயர் மாறிக்கொண்டிருக்கும். பெலிமல் என்று கேட்டாலும் வில்வம்பூ என்று கேட்டாலும் கடைக்காரரின் கை போவது ஒரே சாக்குக்குத்தான். ரணவரா ஆவாரம்பூ ஆகும், இரமுசு நன்னாரி ஆகும், வெனிவெல் மரமஞ்சள் ஆகும். 100 கிராம் நிறுத்துக் கடதாசிப் பையில் போட்டுத் தருகிறவரிடம் இது எதற்கு என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை "உடம்புக்கு நல்லது" என்பதே. வெள்ளவத்தைக் கடைகளில் பெட்டியில் அடைத்து விற்கப்படும் மூலிகைத் தேநீரின் அட்டையும் அதையேதான் சற்று நீட்டிச் சொல்கிறது.

அந்த இரண்டு சொற்களுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில செய்திகள் அடைந்து கிடக்கின்றன. செடியில் உள்ள வேதிப்பொருள் உடலில் செய்யும் வேலை ஒன்று. சூடான நீர், அதில் எந்த இலை ஊறியிருந்தாலும், தானாகச் செய்யும் வேலை இன்னொன்று. அந்தக் கோப்பை வந்ததால் உள்ளே போகாமல் நின்ற சீனியும் பால்மாவும் வேறு கணக்கு. அதைத் தயாரிப்பதற்காக அடுப்படியில் நின்ற பத்து நிமிடம் அதிலும் வேறு. என் கணிப்பில், ஆரோக்கியமான ஒருவருக்கு இவற்றால் கிடைக்கும் நம்பத்தகுந்த நன்மையின் பெரும்பகுதி பின்சொன்ன மூன்றிலிருந்தே வருகிறது. செடியின் வேலை உண்மையாகவே வலுவாக இருக்கும் இடங்களில், அது மருந்துக்குரிய எச்சரிக்கையையும் கூடவே கேட்கிறது.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். தேயிலை என்பது கமேலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலை. கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, வெள்ளைத் தேயிலை எல்லாம் அதே இலையை வெவ்வேறு விதமாகப் பதப்படுத்தியதால் வந்தவை. வில்வம்பூவிலோ மல்லியிலோ அந்த இலை இல்லை, ஆகவே அவற்றில் கஃபீனும் இல்லை. சித்த மருத்துவம் இவற்றைக் குடிநீர் என்றது. யாழ்ப்பாணத்து வீடுகளில் கியாழம் என்றார்கள். தேயிலைதான் இங்கே பின்னால் வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் அதைப் பயிரிடத் தொடங்கியதும், 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழித்ததும், 1883 ஜூலை 30இல் கொழும்பில் முதலாவது தேயிலை ஏலம் நடந்ததும் பாடப்புத்தகத்தில் உள்ள செய்திகள். அதற்கு முன்னரும் இந்தத் தீவில் மக்கள் சூடாக எதையோ குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கோப்பித்தூளோடு மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்து வைக்கும் மல்லிக்கோப்பி, எனது அம்மம்மா காலம்வரை தேத்தண்ணிக்குச் சரிநிகராக வீட்டில் இருந்தது. மூலிகைத் தேநீர் என்ற சொல்தான் புதியது. அந்தப் பழைய குடிநீர்களுக்கு ஏற்றுமதிப் பெட்டிக்கு ஏற்றபடி போட்ட சட்டை என்று அதைச் சொல்லலாம்.

கொழும்பில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி எல்லா வீட்டுக் குசினியிலும் இருப்பது மல்லித்தண்ணி. சிங்களத்திலும் அதற்குக் கொத்தமல்லி என்றே பெயர். தடிமன் பிடித்தவர் வீட்டில் இருந்தால், ஒரு பிடி மல்லியை வெறுஞ்சட்டியில் நிறம் சற்று மாறும்வரை வறுத்து, விரலளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, மூன்று கோப்பை நீர் ஒன்றரைக் கோப்பையாக வற்றும்வரை அவித்து, பனங்கட்டித் துண்டோடு கையில் கொடுப்பார்கள். மல்லியின் மணத்துக்குக் காரணம் லினலூல் என்னும் எண்ணெய்ப்பொருள். அது எளிதில் ஆவியாகிவிடும் தன்மையுள்ளது. ஆகவே வீடு முழுக்க மல்லி மணக்க மணக்க அவிக்கிறோம் என்றால், பாத்திரத்தில் நிற்க வேண்டிய மணத்தில் ஒரு பங்கைச் சுவருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

மல்லி தடிமனைக் குணமாக்குமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, தடிமன் பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே குணமாகிவிடும் என்பதுதான். எதைக் குடித்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ஆனால் சூடாக எதையேனும் குடிப்பது சும்மா இருப்பதைவிட மேல் என்பதற்குச் சான்று உண்டு. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் தடிமன் பற்றி ஆய்வு செய்யும் நிலையம் 2008இல் 30 பேருக்கு ஒரே பழப்பானத்தைச் சூடாகவும் அறை வெப்பநிலையிலும் கொடுத்துப் பார்த்தது. மூக்குவழிக் காற்றோட்டத்தை அளந்தபோது இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் தொண்டைநோவு, குளிர், களைப்பு ஆகியவை குறைந்ததாகச் சொன்னவர்கள் சூடான பானம் குடித்தவர்களே. அறை வெப்பநிலையில் குடித்தவர்களுக்கு மூக்கொழுகலும் இருமலும் தும்மலும் மட்டுமே தணிந்தன. அந்தப் பழப்பானத்தில் மல்லி ஒரு மணியும் இல்லை. அம்மாவின் மல்லித்தண்ணிக்கு இதில் குறைவொன்றும் இல்லை. அதன் நன்மையில் எவ்வளவு சூட்டுக்கு உரியது, எவ்வளவு மல்லிக்கு உரியது என்று பங்கு பிரிக்கும்போது சூட்டின் பங்கை மறந்துவிடக்கூடாது என்பதே செய்தி.

மல்லித்தண்ணியின் அண்ணன் என்று சொல்லத்தக்க பஸ்பங்குவ வேறு வகை. மல்லி, இஞ்சி, பற்பாடகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் ஆகிய ஐந்தும் சேர்ந்த இந்தக் கியாழப் பொதி சிறப்பு அங்காடிகளிலும் மருந்துக்கடைகளிலும் சில்லறைச் சாமான் போலக் கிடைக்கிறது. 2020ஆம் ஆண்டின் கொரோனாக் காலத்தில் அதற்கு இருந்த கிராக்கியைக் கொழும்பில் இருந்த எவரும் மறந்திருக்கமாட்டார்கள். (அவ்வாண்டு டிசம்பரில் கேகாலையில், கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் கூடியது வேறு கதை, ஆனால் அதே அச்சத்தின் பிள்ளைதான்.) இந்த ஐந்தில் மரமஞ்சளை மட்டும் தனியாக எடுத்துப் பேச வேண்டும். அதன் தண்டுக்கு அந்த மஞ்சள் நிறத்தைத் தரும் பெர்பெரின் உண்மையான ஆற்றலுள்ள பொருள். கிருமிகளைத் தடுக்கும் அதே பெர்பெரின், கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சில நொதிகளையும் தடுக்கிறது. அதனால் சில மாத்திரைகளின் அளவு இரத்தத்தில் எதிர்பாராமல் ஏறலாம். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் அத்தகைய ஒன்று. பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளைப் புரதத்திலிருந்து விடுவித்து மஞ்சட்காமாலையைக் கடுமையாக்கக்கூடியது என்பதால், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பெர்பெரினைத் தவிர்க்கும்படி சொல்லப்படுகிறார்கள். "வெறும் கியாழம்தானே" என்று கர்ப்பிணிப் பெண்ணுக்குப் பஸ்பங்குவ அவித்துக் கொடுக்கும் அன்பான மாமியார்களுக்கு இதை யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

செடியின் வேலை மறுக்கமுடியாதபடி தெரியும் இடம் கொத்தல ஹிம்புட்டு. சித்த மருத்துவத்தில் கடலழிஞ்சில் எனப்படும் இந்தக் கொடியின் மரத்தில் குடைந்த குவளையில் இரவு நீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பது சீனி வருத்தத்துக்குப் பழைய வைத்தியம். இதன் வேரிலும் தண்டிலும் இருந்து சலசினோல், கொதலனோல் என்ற இரு பொருள்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில் பிரித்தெடுத்தார்கள். இரண்டாவதன் பெயரிலேயே நமது கொத்தல இருக்கிறது. மாச்சத்தைச் சிறுகுடலில் குளுக்கோசாக உடைக்கும் நொதியின் வேலையை இவை மந்தப்படுத்துகின்றன. நீரிழிவுக்கு எழுதப்படும் அகார்போஸ் மாத்திரை செய்வதும் இதே வேலையைத்தான். இலங்கையில் 51 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கொத்தல ஹிம்புட்டுத் தேநீரைக் குடித்த 3 மாத முடிவில், சில மாதங்களின் இரத்தச் சீனி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி என்ற அளவின் சராசரி 6.29 ஆகவும், அதே ஆட்கள் போலித் தேநீர் குடித்த 3 மாத முடிவில் 6.65 ஆகவும் இருந்தது. எது எந்தப் பொதி என்பது குடித்தவர்களுக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. நமது மூலிகைப் பானம் ஒன்றைப் பற்றி இவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்ட ஆய்வுகள் அரிது.

ஆனால் அந்த வேறுபாடு 0.36 புள்ளி என்பதையும், அதில் பங்குபற்றியோர் வைத்தியரின் கண்காணிப்பில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர் யாருக்கும் சொல்லாமல் இதையும் சேர்த்துக் குடித்தால் சீனி தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். அதைவிடப் பொதுவாக நடப்பது இதன் மறுபக்கம்: தேநீர் வேலை செய்கிறது என்ற தைரியத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலில் புண் வந்த பிறகு கிளினிக்குக்குப் போவது. வேலை செய்யும் மூலிகைக்கும் மருந்துக்கும் வேறுபாடு இல்லை. மருந்தில் அளவு அட்டையில் அச்சாகியிருக்கிறது, மூலிகையில் அது யாருடைய கைப்பிடி என்பதைப் பொறுத்தது.

ரணவரா பற்றி எழுதுவதற்குச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் நானே பல ஆண்டுகள் அதை அலுவலகத்துக்குப் போத்தலில் கொண்டுபோனவன். பத்தரமுல்லையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல பொஜுன் உணவகத்தில் பெலிமல் அருகில் அது கொதித்துக்கொண்டிருக்கும்; பொன்னிறம், மெல்லிய துவர்ப்பு, கித்துள் கருப்பட்டியோடு அருமையாக இருக்கும். இலங்கையில் கல்லீரல் நோய்க்கான காரணங்களைத் தேடிய ஆய்வாளர்கள் நாட்டு மூலிகைகள் பலவற்றைப் பரிசோதித்து 1981இல் வெளியிட்ட ஆய்வில், கல்லீரலுக்குத் தீங்கு செய்யும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருப்பதாகக் கண்ட சில செடிகளுள் ஆவாரையும் இருந்தது. அதை ஊட்டிய எலிகளின் கல்லீரலிலும் பாதிப்புத் தெரிந்தது. எலிக்கு ஊட்டிய அளவும் மனிதர் குடிக்கும் கோப்பையும் ஒன்றல்ல. எப்போதாவது குடிக்கும் ஒரு கோப்பையைக் கண்டு அஞ்ச இதில் காரணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் தண்ணீருக்குப் பதிலாக நாள் முழுக்க, ஆண்டு முழுக்க, ஒரே மூலிகையைக் குடிக்கும் வழக்கத்தை நான் அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். கல்லீரலில் ஏற்கெனவே குறை உள்ளவர்கள் முற்றாகத் தவிர்ப்பதே முறை.

வெளிநாட்டுப் பெட்டிகளில் வரும் மற்றவற்றை விரைவாகவே கடந்துவிடலாம். சிவப்புப் புளிச்சையின் புல்லியிதழ்களைக் காயவைத்துச் செய்யும் தேநீரை, இரத்த அழுத்தம் சற்று உயர்ந்த 65 பேருக்கு நாளொன்றுக்கு 3 கோப்பை வீதம் 6 வாரம் கொடுத்த அமெரிக்க ஆய்வு 2010இல் வெளியானது. மேல் அளவு சராசரியாக 7.2 புள்ளி இறங்க, போலிப் பானம் குடித்தோருக்கு 1.3 மட்டுமே இறங்கியது. இதை நம் வேலியோரச் செவ்வரத்தம்பூவோடு குழப்பிக்கொள்கிறவர்கள் பலர். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே செடியல்ல. இஞ்சி கர்ப்பகாலக் குமட்டலைத் தணிக்கும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. புதினா வயிற்று உப்புசத்துக்கு இதமானது, ஆனால் நெஞ்செரிவு உள்ளவருக்கு அதைக் கூட்டிவிடலாம். சாமந்தி இனத்துக் கமோமைல் நித்திரைக்கு உதவும் என்பது ஓரளவுதான் உறுதிப்பட்டது. இனிப்புக்காகப் பல கலவைகளில் சேரும் அதிமதுரத்தைத்தான் பிரஷர் உள்ளவர்கள் பெட்டியின் பின்பக்கத்தில் தேட வேண்டும்: அதிலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஐரோப்பாவில் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படாதிருக்கும்படி அறிவுறுத்தப்படுவது அந்தப் பொருள்தான்.

இரும்புச்சத்தைப் பற்றி ஒரு தவறான நிம்மதி நம்மிடையே உலவுகிறது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேராது என்று தாய்சேய் நலக் கிளினிக்குகளில் சொல்லப்படுவதைக் கேட்டவர்கள், அப்படியானால் மூலிகைத் தேநீர் பாதுகாப்பானது என்று எண்ணிக்கொள்கிறார்கள். 1999இல் வெளியான ஓர் ஆய்வு, பாண் உணவோடு பல பானங்களைக் கொடுத்து இதை அளந்தது. கறுப்புத் தேநீர் இரும்புச்சத்து உறிஞ்சலை 79 முதல் 94 விழுக்காடு வரை குறைத்தது. ஆனால் புதினாத் தேநீரும் 84 விழுக்காடும், கமோமைல் 47 விழுக்காடும் குறைத்தன. குற்றவாளி கஃபீன் அல்ல, நாக்கை இறுக்கும் துவர்ப்புப் பொருள்கள். ஆவாரம் பட்டையைத் தோல் பதனிடப் பயன்படுத்துவதே அதில் துவர்ப்பு மிகுந்திருப்பதால்தான் என்பதை நினைத்துக்கொண்டால், நாக்கில் துவர்க்கும் எந்தக் கியாழத்தையும் சோற்றோடு குடிக்கலாமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது போதுமான தீர்வு. தேசிக்காய் பிழிவதும் ஓரளவு ஈடுசெய்யும். பிளேன்ரீக்குத் தேசிக்காய் விடும் பழக்கத்தை நாக்குக்காகத் தொடங்கியவர்கள் இதையும் சேர்த்துப் பெற்றுவிட்டார்கள்.

இனிச் சீனிக் கணக்கு, ஏனெனில் கொழும்பைப் பொறுத்தமட்டில் எல்லாவற்றிலும் கனமானது இதுதான். காலையில் எழுந்ததும் ஒன்று, அலுவலகத்தில் பத்து மணிக்கு ஒன்று, பின்னேரம் ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று என நாலு கோப்பையும், கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனியும் என்று வைத்துக்கொண்டால், 32 முதல் 40 கிராம் வரை சேர்ந்துவிடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் நிற்பதே சிறந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, பிஸ்கட்டையும் கேக்கையும் சேர்த்து. நாலில் இரண்டு கோப்பையைச் சீனியில்லாத மல்லித்தண்ணியாகவோ பெலிமலாகவோ மாற்றுகிறவர், அந்தப் பூவில் எந்த மருந்துக்குணமும் இல்லாவிட்டாலும்கூட, ஆண்டு முடிவில் ஏறத்தாழ 6 முதல் 7 கிலோ வரையான சீனியை உடலுக்குள் விடாமல் தடுத்திருக்கிறார். கருப்பட்டியும் பனங்கட்டியும் தேனும் இக்கணக்கில் சீனியின் உறவினர்களே. ஆனால் கோப்பைக்குள் கரைப்பதற்கும், நம் பெரியவர்களைப் போலச் சிறு துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பதற்கும் அளவில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் மல்லித்தண்ணியில் தேன் கலந்து கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமி அவர்களுக்கு உயிராபத்தானது.

கஃபீன் கணக்கு இதைவிட எளியது. ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீரில் 40, 50 மில்லிகிராம் அளவில் இருக்கும் கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரி 5 மணி நேரம் செல்லும். இரவு எட்டு மணிக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பதினொரு மணிக்குப் புரண்டுகொண்டிருப்பவருக்கு மூலிகைக் கோப்பையால் கிடைக்கும் நித்திரை, அந்த மூலிகை கொடுத்ததல்ல. தேயிலை எடுக்காமல் விட்டது.

தயாரிக்கும் முறைக்கு வருவோம். பூவும் இலையும் மெல்லியவை. கொதித்து இறக்கிய நீரை ஊற்றி மூடி, ஐந்தாறு நிமிடம் ஊறவிட்டால் போதும். வேர், பட்டை, தண்டு, கொட்டை போன்றவை கடினமானவை. அவற்றை மெல்லிய நெருப்பில் அவித்தால்தான் சாரம் இறங்கும். எட்டுப் பங்கு நீரை ஒரு பங்காகக் குறுக்குவது என்ற பழைய வைத்திய விதி இரண்டாவது வகைக்கு உரியது. அது மருந்தின் அளவு, தாகத்துக்குக் குடிக்கும் அளவு அல்ல. துளசியையோ புதினாவையோ பத்து நிமிடம் திறந்த கேத்தலில் கொதிக்கவிடுகிறவர், மணத்தை விரட்டிவிட்டுத் துவர்ப்பை மட்டும் வடித்துக்கொள்கிறார். மூடிய பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போது அதன் அடியில் தொங்கும் துளிகளைத் திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே சொட்டவிட வேண்டும். தேடிய எண்ணெயில் ஒரு பகுதி அந்தத் துளியில்தான் நிற்கிறது.

சூடு பற்றியும் ஒரு சொல். புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2016இல் 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதை, உணவுக்குழாய்ப் புற்றுநோயைப் பெரும்பாலும் உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் சேர்த்தது. பானம் எது என்பது அங்கே பொருட்டல்ல, சூடுதான் பொருட்டு. சைவக்கடையில் இரண்டு குவளைக்கிடையே முழம் போட்டு ஆற்றித் தருகிறவர் இதை வாசித்திருக்கமாட்டார். ஆனால் ஆற்றாமல் குடிக்கக்கூடாது என்பது அவர் கைக்குத் தெரியும்.

கவனத்தோடு தேநீர் தயாரித்தல் என்று இப்போது கொழும்பின் யோகா வகுப்புகளிலும் விடுதிகளிலும் கற்பிக்கப்படுவது, பௌத்தத்தில் சதி எனப்படும் விழிப்புநிலைப் பயிற்சியின் ஒரு சிறு கிளை. அமெரிக்காவில் ஜோன் கபட்-சின் 1979இல் அதை மருத்துவமனைக்குள் கொண்டுபோன பிறகே அது ஆய்வுக்குரிய பொருளாகியது. ஏறத்தாழ 3,500 பேர் பங்குபற்றிய 47 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2014இல் வெளியான மதிப்பீடு, தியானப் பயிற்சிகள் பதற்றத்தையும் மனச்சோர்வையும் வலியையும் ஓரளவு குறைக்கின்றன என்றும், ஆனால் உடற்பயிற்சி போன்ற பிற வழிகளைவிட மேலானவை என்பதற்குச் சான்றில்லை என்றும் சொன்னது. அதை அப்படியே தேநீர்க் கோப்பைக்கு மாற்றிவிட முடியாது. எட்டு வாரப் பயிற்சியும் எட்டு நிமிடக் கேத்தலும் ஒன்றல்ல.

இலையையும் சடங்கையும் பிரித்துப் பார்க்க முயன்ற ஓர் ஆய்வு இலண்டனில் நடந்தது. 75 ஆண்களில் ஒரு பிரிவினர் 6 வாரம் கறுப்புத் தேநீரும், மற்றப் பிரிவினர் நிறத்திலும் சுவையிலும் கஃபீனிலும் அதை ஒத்த போலிப் பானமும் குடித்தார்கள். பிறகு இரு பிரிவினருக்கும் மனநெருக்கடி தரும் ஒரு வேலை கொடுக்கப்பட்டது. நெருக்கடியின்போது இரு பிரிவினரும் ஒரே அளவில்தான் தவித்தார்கள். ஆனால் 50 நிமிடம் கழித்து, கோர்ட்டிசோல் என்னும் நெருக்கடி இயக்குநீர் தேநீர் குடித்தோரிடம் 47 விழுக்காடும் மற்றவரிடம் 27 விழுக்காடும் இறங்கியிருந்தது. அங்கே சடங்கு இரு பிரிவினருக்கும் ஒன்று. வேறுபட்டது இலை மட்டுமே. ஆகவே தேநீரின் அமைதி முழுவதும் மனப்பிரமை என்று சொல்லவும் வழியில்லை, அதே பலன் மூலிகைப் பானத்திலும் வரும் என்று இதை வைத்துச் சொல்லவும் வழியில்லை.

கவனத்துக்குக் கொழும்பிலேயே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடம் இருக்கிறது. தேயிலைத் தரகர் நிறுவனங்களின் சுவைக்கூடங்களில், நீண்ட மேசையில் வரிசையாக வைத்த வெள்ளைக் கோப்பைகளுக்கு ஒரே அளவு இலை, ஒரே அளவு நீர், ஒரே நேரம். சுவைஞர் கரண்டியால் அள்ளிச் சத்தமாக உறிஞ்சி, மணத்தை மூக்கின் பின்வழிக்கு ஏற்றித் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். ஏலம் 2020 ஏப்ரலில் கணினிக்கு மாறிவிட்டது, நாக்கு மாறவில்லை. அவர்கள் மன அமைதிக்காக அதைச் செய்யவில்லை, விலை சொல்வதற்காகச் செய்கிறார்கள். ஆனாலும் ஒரு மிடற்றின் நிறம், மணம், நாக்கின் எந்த ஓரத்தில் பிடிக்கிறது என்பவற்றை மட்டும் பார்த்து வேறொன்றையும் நினைக்காதிருக்கும் அந்தக் கணத்தைத்தான் வகுப்புகளில் பணம் கட்டிக் கற்கிறார்கள். வீட்டில் அதற்குத் தேவையானது, மல்லி வறுபடும்போது கைத்தொலைபேசியை அடுத்த அறையில் விட்டுவிட்டு வருவது மட்டும்தான். மல்லி கருகும் நிலைக்கும் பதமாக வறுபட்ட நிலைக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை என்பதால், அதுவே கவனத்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது.

கவனத்தின் பயன் மனத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. ஓர் ஐப்பசி மழைக்காலத்தில் வாங்கிய பெலிமல் பொதியைக் கடதாசிப் பையோடு அலுமாரியில் வைத்து மறந்துபோய், மூன்று வாரம் கழித்து அவசரத்தில் ஒரு பிடியைக் கேத்தலில் போட்டுவிட்டேன். ஊறிய நீரில் வில்வத்தின் மணம் வராமல், மழையில் நனைந்து உலராத துணியின் வாடைதான் வந்தது. பையைத் திறந்து யன்னல் வெளிச்சத்தில் பார்த்தபோது, பூவின் காம்போரங்களில் சாம்பல்நிறப் பூஞ்சணம் பஞ்சு போலப் படர்ந்திருந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் காய்ந்த சரக்கு எதுவும் தானாகக் காய்ந்தபடி இருக்காது. சில பூஞ்சணங்கள் விடும் அஃப்ளடொக்சின் கல்லீரலுக்கு நஞ்சு, கொதிக்கும் நீரின் சூட்டில் அது அழிவதும் இல்லை. அன்றைக்கு மூக்கை நம்பி முழுவதையும் கொட்டினேன். மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலில் சிறிது சிறிதாக வாங்கி வைத்து, வாங்கிய திகதியை எழுதி ஒட்டும் வழக்கம் எங்கள் குசினியில் அதற்குப் பிறகுதான் வந்தது.